ஏறினால் ஹாஃப் டோம், இறங்கினால் கிராண்ட் கேன்யன், நனைந்தால் ஸயான்

"ஒரே ஒரு நேஷனல் பார்க் போகத்தான் நேரம் இருக்கிறது, நல்ல சாகசமாக ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: உங்களுக்கு எதில் பயம்? உயரமா, வெயிலா, தண்ணீரா? பயத்தைச் சொன்னால் பூங்காவைச் சொல்லிவிடலாம். படத்தில் பார்த்தால் எல்லாமே அழகுதான். கால் வைத்து நடக்கும்போதுதான் ஒவ்வொன்றும் தன் கஷ்டத்தை வெவ்வேறு இடத்தில் வைத்திருப்பது தெரியும். கிராண்ட் கேன்யனில் அது திரும்பி வரும் வழியில் இருக்கிறது. யோசெமிட்டியில் உச்சிக்கு முந்தைய நானூறு அடியில் இருக்கிறது. ஸயானில் ஆற்றுக்குள், கண்ணுக்குத் தெரியாத உருண்டைக் கல்லில் இருக்கிறது.

அமெரிக்காவில் தேசியப் பூங்கா என்ற பெயரில் 63 இடங்கள் இருக்க, ஏன் இந்த மூன்று மட்டும்? யெல்லோஸ்டோன் 1872-லேயே வந்த முதல் பூங்கா, அதைப் பார்க்காமல் விடக்கூடாது. ஆனால் பெரும்பாலோர் அங்கே காரில் சுற்றி, மரப்பலகைப் பாதையில் நின்று வெந்நீர் ஊற்றையும் காட்டெருமையையும் பார்த்துவிட்டு வருவார்கள். உடம்பை வருத்தி ஒரு நாள் முழுக்க நடந்து, இரவு படுக்கும்போது "செய்துவிட்டோம்" என்று தோன்ற வேண்டும் என்றால், மலையேற்றம் பழகியவர்கள் பேச்சில் முதலில் வருவது இந்த மூன்றுதான்.

கிராண்ட் கேன்யன்: தலைகீழ் மலை

அரிசோனாவில் உள்ள இந்தப் பள்ளத்தாக்கின் நீளம் 277 மைல், ஆழம் ஏறக்குறைய ஒரு மைல். தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி. நடை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்த ஒரு விஷயம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. சாதாரண மலையில் முதலில் ஏற்றம் வரும், மூச்சு வாங்கும், முடியாவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே காலையில் தெம்பாக இருக்கும்போது இறக்கம். கால் தானாகப் போகும், காற்று குளிர்ச்சியாக இருக்கும், "இவ்வளவுதானா" என்று தோன்றும். திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும், தண்ணீர் பாதியாகியிருக்கும், முழங்கால் ஏற்கெனவே நடுங்கும். "இறங்குவது உங்கள் விருப்பம், ஏறுவது கட்டாயம்" என்று ரேஞ்சர்கள் (பூங்காக் காவலர்கள்) சொல்வதில் ஒரு சொல்கூட மிகையில்லை. இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே போகப் போக வெப்பம் கூடும். கோடையில் அடிவாரத்தில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். "நம்ம ஊர் வெயில் பார்த்தவர்கள்தானே" என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: அந்தக் காற்றில் ஈரமே இல்லை. வியர்வை வழியாமலே காய்ந்துவிடுவதால் உடம்பு எவ்வளவு இழந்தது என்று தெரியாது. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து, உடம்பில் உப்பு இறங்கித் தலை சுற்றும். பையில் முறுக்கும் உப்புக்கடலையும் இருக்கட்டும். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை வெயிலில் நடக்காதீர்கள்.

பாதை இரண்டு. சவுத் கைபாப் ஏழு மைலில் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றைத் தொடும், செங்குத்தானது, வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும் முகட்டின் மேலேயே போவதால் காட்சிக்கு இதுதான். பிரைட் ஏஞ்சல் நீளமானது, ஓரளவு நிழலுண்டு, ஓய்விடங்கள் உண்டு, சீசனில் குழாய்த் தண்ணீரும் உண்டு. அந்தக் குழாய் அடிக்கடி உடையும் என்பதால் கிளம்பும் முன் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிடுங்கள். ஒரே நாளில் ஆற்றங்கரை வரை போய்த் திரும்ப முயல வேண்டாம். முதல்முறை போகிறவருக்கு சவுத் கைபாப்பில் ஒன்றரை மைல் தூரத்தில் உள்ள சீடர் ரிட்ஜ் போதும். அதற்கே ஆயிரம் அடிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும்.

ஆற்றங்கரை வரை போகிறவர்களுக்குக் கிடைக்கும் ஒரு விஷயம் மற்ற இரண்டு பூங்காவிலும் இல்லை. விளிம்பில் நிற்கும் வெளிறிய சுண்ணாம்புக்கல்லுக்கு வயது சுமார் 27 கோடி ஆண்டு. ஒவ்வொரு வளைவிலும் நிறம் மாறும்: வெள்ளை, காவி, ரத்தச் சிவப்பு, பச்சை கலந்த சாம்பல். ஆற்றங்கரையில் கை வைத்தால் சில்லென்று, மினுமினுப்போடு, கறுப்பாக ஒரு பாறை. அது 170 கோடி ஆண்டுக்கு மேல் பழையது. ஒரு பகல் நடையில் அத்தனை காலத்தையும் கடந்து வந்திருப்போம். கீழே தங்க ஃபேன்டம் ராஞ்ச் என்ற பழைய விடுதி 1922-லிருந்து இருக்கிறது. அங்கே படுக்கை கிடைக்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும், அதுவும் 15 மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

யோசெமிட்டி: நானூறு அடிக் கம்பி

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு யோசெமிட்டி என்றால் நீண்ட வார இறுதி. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நாலு மணி நேரம். பள்ளத்தாக்கில் இறங்கி, அருவி பார்த்து, படம் எடுத்துத் திரும்பிவிடுவார்கள். அதில் தவறில்லை, அந்தத் தரைமட்டக் காட்சியே உலகத்தரம். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் தெரியும் அந்தப் பாதி வெட்டிய மொட்டைப் பாறை, ஹாஃப் டோம், பள்ளத்தாக்குத் தரையிலிருந்து கிட்டத்தட்ட 5,000 அடி உயரம். அதன் மேல் நடந்தே ஏறலாம் என்பது பலருக்குத் தெரியாது.

போய்வர 14 முதல் 16 மைல். விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு கிளம்ப வேண்டும். முதலில் மிஸ்ட் டிரெயில்: வெர்னல் அருவியின் பக்கவாட்டிலேயே அறுநூறுக்கும் மேற்பட்ட கற்படிகள். மே, ஜூனில் அருவிச் சாரல் மழையாகவே பெய்யும். மழைக்கோட்டு போட்டாலும் நனைவீர்கள். அப்புறம் நெவாடா அருவி, அப்புறம் காடு, அப்புறம் மூச்சு முட்டவைக்கும் படிக்கட்டோடு ஒரு சின்னக் குன்று. அதைத் தாண்டி நிமிர்ந்தால்தான் கேபிள் தெரியும்.

வழவழப்பான கருங்கல் சரிவில் இரண்டு எஃகுக் கம்பிகள், சில அடிக்கொரு இரும்புக் கம்பம், கம்பத்தடியில் குறுக்கே ஒரு மரச்சட்டம். அவ்வளவுதான் ஏணி. சரிவு 45 டிகிரி வரை போகும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே காலுக்குப் பிடிமானம் கிடையாது, நூறு ஆண்டாக மனிதர்கள் மிதித்துத் தேய்த்த பளபளப்பான பாறைதான். உடம்பைக் கையால் இழுத்துக்கொண்டு அடுத்த சட்டத்துக்குப் போய், மூச்சு விட்டு, மேலே இருப்பவர் நகரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் கை தளரும். பயத்தை விடக் கைவலிதான் பலரைத் திருப்பி அனுப்புகிறது என்பது என் எண்ணம். ரப்பர் பிடிமானம் உள்ள கையுறை இல்லாமல் ஏறாதீர்கள். இடி, மேகம் தெரிந்தால் கேபிளைத் தொடவே கூடாது. ஈரமான அந்தப் பாறையில் நிற்க முடியாது, மின்னல் வேறு. 1985-ல் அதன் உச்சியில் மின்னல் தாக்கி இருவர் இறந்தார்கள்.

கேபிளை 1919-ல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு போட்டது. இப்போது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் குலுக்கலில். மார்ச் மாதம் முழுவதும் விண்ணப்பிக்கலாம், ஏப்ரலில் முடிவு வரும். தவறவிட்டால் போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு தினக்குலுக்கல் இருக்கிறது. குலுக்கலில் பெயர் வராதவர்கள் ஏமாந்து திரும்ப வேண்டியதில்லை. டெனாயா ஏரிப் பக்கத்திலிருந்து கிளவுட்ஸ் ரெஸ்ட் போங்கள். 9,926 அடி, ஹாஃப் டோமை விட ஆயிரம் அடி அதிக உயரம், ஒரு நாள் நடைக்குக் குலுக்கல் கிடையாது. உச்சியில் நின்றால் ஹாஃப் டோமே கீழே தெரியும். கேபிள் என்ற பெயருக்காகவே வந்தவர்கள்கூட இதைப் பார்த்தபின் மனம் மாறியதுண்டு.

ஸயான்: முழங்கால் தண்ணீரில்

யூட்டாவில் குடியேறிய மார்மன் சமயத்தார் வைத்த பெயர் இது. நம் தமிழ் பைபிளில் வரும் சீயோன்தான். மூன்றில் சிறியது, ஆனால் ஒரு நாளில் கிடைக்கும் சாகசம் அதிகம் இங்கேதான். இரண்டு நடைகள், இரண்டு விதமான பயம்.

முதலாவது ஏஞ்சல்ஸ் லேண்டிங். போய்வர 5.4 மைல், ஏறும் உயரம் ஏறக்குறைய 1,500 அடி. கணக்கில் ஹாஃப் டோமின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கடைசி அரை மைல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு குறுகிய முகட்டில் நடக்க வேண்டும், இரண்டு பக்கமும் அதல பாதாளம். இரண்டையும் ஒப்பிட்டால், ஹாஃப் டோம் கையையும் மூச்சையும் சோதிக்கும். இது தலையைச் சோதிக்கும். உயரம் கண்டால் கால் கூசுகிறவருக்கு ஹாஃப் டோம் கேபிளில் பாறையையே பார்த்துக்கொண்டு ஏறிவிட வழியுண்டு, இங்கே கண்ணை எங்கே வைத்தாலும் பள்ளம். 2022 ஏப்ரலிலிருந்து இதற்கும் குலுக்கல் வந்துவிட்டது. சங்கிலிப் பாதையில் நெரிசலில் எதிரும் புதிருமாக ஆட்கள் ஒதுங்க இடமில்லாமல் நின்ற நிலையைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். சங்கிலி தொடங்கும் ஸ்கவுட் லுக்அவுட் வரை போக அனுமதி தேவையில்லை. குடும்பத்தில் ஒருவர் மேலே போக, மற்றவர்கள் அங்கே உட்கார்ந்து காத்திருக்கலாம்.

இரண்டாவது நேரோஸ். என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஷட்டில் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஒரு மைல் ஓரமாக நடந்தால் பாதை முடிந்துவிடும். அப்புறம் பாதை என்பது வர்ஜின் ஆறுதான். ஷூவோடு இறங்க வேண்டும். முதல் அடியில் குளிர் கணுக்காலைக் கவ்வும். அடியில் கிடக்கும் கற்கள் தேங்காய் அளவு, பாசி பிடித்தவை. ஒவ்வொரு அடிக்கும் கோலை முதலில் ஊன்றி, கல் அசைகிறதா என்று பார்த்து, அப்புறம் காலை வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பேச்சு நின்றுவிடும், எல்லோரும் காலையே கவனிப்பார்கள். நிமிர்ந்து பார்க்கும்போது சுவர்கள் நெருங்கியிருக்கும். இருபக்கமும் ஆயிரம் அடிச் செம்பாறை, நடுவில் இருபது முப்பது அடி ஆறு, தலைக்கு மேலே ஒரு கீற்று வானம். எங்கோ மேலே பட்ட வெயில் சுவரில் தெறித்துத் தெறித்து இறங்கி, கீழே வரும்போது ஆரஞ்சு நிறமாகிவிடும்.

கீழிருந்து மேலாக நடந்து பிக் ஸ்பிரிங் வரை போய்த் திரும்ப அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். முழுதாகப் போனால் பத்து மைல் அளவு, ஆனால் எந்த இடத்திலும் திரும்பலாம். இதுதான் இதன் பெரிய பலம். கிராண்ட் கேன்யனில் பாதியில் திரும்புவதற்கே ஏற வேண்டும், ஹாஃப் டோமில் பாதியில் திரும்பினால் மனசு கேட்காது. இங்கே அரை மைல் போனவருக்கும் அனுபவம் முழுமைதான். கோலும் தண்ணீரில் நடக்கும் ஷூவும் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும்.

ஆனால் இங்கே வானிலை அறிக்கையைப் பார்க்காமல் இறங்குவது உயிரோடு விளையாடுவது. பல மைல் தள்ளிப் பெய்த மழை, நீலவானத்தின் கீழே வெள்ளமாக வந்து சேரும். ஒதுங்க இடமிருக்காது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இது அதிகம். 2015 செப்டம்பரில் இதே பூங்காவின் இன்னொரு குறுகிய பள்ளத்தில் திடீர் வெள்ளத்தில் ஏழு பேர் இறந்தார்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ, அந்தக் கணமே மேடு தேடி ஏறிவிட வேண்டும். வசந்தத்தில் பனி உருகி நீர் பெருகும்போது பூங்காவே நேரோஸை மூடிவிடும். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அதில் சில காலமாக நச்சுப் பாசி இருக்கிறது, வடிகட்டியும் உதவாது.

எதை எப்போது

அப்பா அம்மாவை அழைத்துப் போவதென்றால் யோசிக்கவே வேண்டாம், கிராண்ட் கேன்யன் விளிம்பு. தளம் போட்ட சமமான பாதை, அங்கங்கே பெஞ்சு, சக்கர நாற்காலியும் போகும். பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் கோடையின் முடிவில் நேரோஸ். கல்லூரி நண்பர்கள், உடம்பு பழகியவர்கள், ஒரு வருடம் திட்டமிட நேரம் உள்ளவர்கள் என்றால் ஹாஃப் டோம்.

மூன்று பூங்காவிலும் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் இந்த மூன்று உட்பட 11 பூங்காக்களில் கூடுதலாக 100 டாலர் என்று விதி வந்திருக்கிறது. ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது இதை மறந்துவிடாதீர்கள். அவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பூங்கா போவதென்றால் 250 டாலர் ஆண்டுச் சீட்டு லாபம்.

முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது ஸயான், அக்டோபரில். லாஸ் வேகஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு நாள் ஏஞ்சல்ஸ் லேண்டிங் குலுக்கலுக்குப் போட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் ஸ்கவுட் லுக்அவுட் போங்கள். மறுநாள் முழுக்க ஆற்றில். ஷட்டில் ஓடும் காலத்தில் உள்ளே சொந்தக் கார் போகாது, அதனால் ஸ்பிரிங்டேலிலேயே தங்கி முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். காலையில் முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கியவர்களுக்கு அந்தச் சுவர்களுக்கு நடுவே ஆற்றின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.