புள்ளி கையிலா, ஆட்டம் கையிலா?

குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை பக்கம் இங்கிலாந்து கால்பந்தான பிரீமியர் லீக் பார்க்கிறவர்களுக்குள் ஏப்ரல் வந்தால் இந்தச் சண்டைதான்: 3 புள்ளி முன்னால் நிற்கும் அணி தப்புமா, ஒரு ஆட்டம் குறைவாக ஆடி, அதை மிச்சம் வைத்திருக்கும் அணியா? 20 அணியில் கடைசி 3 அடுத்த நிலை லீக்குக்கு இறங்கும்.

கணக்கு
புள்ளி: வந்தது வந்ததுதான்.
மிச்ச ஆட்டம்: 3 என்று எழுதிவிடாதீர்கள். அடியில் கிடக்கும் அணி நாலு ஆட்டத்தில் ஒன்று ஜெயித்து, ஒன்று டிரா செய்தாலே பெரிது. ஜெயித்தால் 3, டிராவுக்கு 1; ஆக நாலுக்கு 4 புள்ளி. அதாவது ஒரு ஆட்டத்துக்கு 1.

களைப்பு
புள்ளி: பெரும்பாலும் வாரம் ஒரு ஆட்டம்.
மிச்ச ஆட்டம்: வார நடுவில் விழும். மூன்றே நாளில் மறுபடி ஓடினால் பின்தொடை பிடித்துக்கொள்ளும். அந்த அணிகளில் மாற்று ஆளும் சுமார்தான்.

கோல் வித்தியாசம்
புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது இதை: போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது. ஒருவர் -15, மற்றவர் -27 என்றால் முன்னவருக்கு ஒரு புள்ளி கூடுதலாக இருப்பது மாதிரி.

'40 புள்ளி எடுத்தால் தப்பிக்கப் போதும்' பேச்சை நம்ப வேண்டாம். 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது. 2023-24இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், 4 புள்ளி கழிக்கப்பட்டும், 32இல் தப்பியது.

மிச்ச ஆட்டம் சொந்த மைதானத்தில், பட்டியல் நடுவே சும்மா இருக்கும் அணியோடு என்றால் அதை நம்பலாம். முதல் நாலில் இருப்பவர்களோடு என்றால் புள்ளி வைத்திருப்பவர் பக்கமே நில்லுங்கள்.