முற்றமா, தாழ்வாரமா? அகமதாபாத் ஐஐஎம்மும் பெங்களூரு ஐஐஎம்மும்

அகமதாபாத் ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) வளாகத்தை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் 1962-ல் வரையத் தொடங்கினார். அவரை அங்கே அழைத்து வந்தவர் இந்தியக் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி. பிறகு 1977-ல் பெங்களூரு ஐஐஎம் வேலை தோஷியிடமே வந்தது. கான் செய்ததை அவர் திரும்பச் செய்யவில்லை. வகுப்பு முடிந்தபின் மாணவர்கள் எங்கே நின்று பேசுவார்கள்? இந்தக் கேள்விக்கு இரண்டு வளாகங்களும் வேறு வேறு பதில் வைத்திருக்கின்றன.

அகமதாபாத்தின் பலம் விடுதி. பத்துப் பத்து அறைகளாகப் பிரித்து, நடுவில் மாடிப்படியும் தேநீர்க்கூடமும். நீள நடைவழியே கிடையாது. கதவைத் திறந்தால் கால் வைப்பது கூடத்தில்தான். ஒரு நிறுவனத்தின் நிஜச் சிக்கலை எடுத்து விவாதிக்கும் கேஸ் ஸ்டடி வகுப்புக்கு முந்தின இரவு கூடி அலச வேறு இடம் தேட வேண்டாம். வெயிலும் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சமும் அறைக்குள் பாயாமல் தடுப்பதும் அந்தப் படிக்கட்டும் கூடமும்தான், காற்றோட்டத்துக்கும் குறைவில்லை. இருபுறமும் முப்பது கதவு, நடுவில் பகலிலும் டியூப்லைட் என்று கட்டப்படும் விடுதியில் பக்கத்து அறைக்காரர் பெயர் தெரியவே ஒரு செமஸ்டர் ஆகும்.

ஆனால் அங்குள்ள பெரிய முற்றம் பட்டமளிப்பு விழாவுக்குத்தான் பொருத்தம். 40 டிகிரி தாண்டும் மே மாதத்து நண்பகலில் அந்த வெட்டவெளியில் யார் நிற்பார்கள்?

பெங்களூருவில் சந்திப்பு வழியிலேயே நடக்கிறது. அக்பர் கட்டிய ஃபத்தேபூர் சிக்ரி நகரை மனதில் வைத்து, சொரசொரப்பான கருங்கல்லில் தோஷி எழுப்பிய தாழ்வாரங்கள் சில இடத்தில் கூரையோடும், சில இடத்தில் பந்தல்போல் திறந்தும் போகின்றன. நிழலும் வெயிலும் மாறி மாறி விழ, நடை தானாகத் தளர்கிறது. எதிரே பேராசிரியர் வந்தால் பேச்சு தொடங்கிவிடும். அந்த ஊர்க் குளிர்ச்சிக்கு இது சரி. அடைமழை ஊரில் அப்படியே நகலெடுத்தால் பந்தல் வழியே மழை இறங்கி, கல் தரை வழுக்கும்.

பராமரிப்பில் அகமதாபாத்துக்குத்தான் தலைவலி. செங்கல்லின் தரம், 2001 பூகம்பச் சேதம் இவற்றைச் சொல்லி, 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப்போவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்ப, சில நாளிலேயே அதை வாபஸ் வாங்கினார்கள்.

புதிதாகக் கட்டுவோருக்கு நம் சிபாரிசு: விடுதிக்கு அகமதாபாத், வழிக்கு பெங்களூரு. தாழ்வாரத்தில் 45 சென்டிமீட்டர் உயரத் திண்ணை, அது போக நடக்க இரண்டு மீட்டர். குறைத்தால் உட்கார்ந்தவர் முழங்காலில் நடப்பவர் இடிப்பார். ஒரு வாரத்தில் திண்ணை காலி. விடுதியில் சேர்க்கை கூடும்போது முதலில் காவு போவது தேநீர்க்கூடம்தான், பலகை அடித்து அறையாக்கிவிடுவார்கள். மாடிப்படிக்குப் போகும் வழி கூடத்தின் நடுவாகவே இருக்கும்படி வரைந்துவிட்டால் யாராலும் அதைத் தடுத்து அடைக்க முடியாது.