வீக்கெண்டுக்கு என்ன படம்? எப்போ பாக்கப் போறீங்கன்னு சொல்லுங்க முதல்ல

வீக்கெண்டுக்கு ஒரு நல்ல படம் சொல்லுங்கன்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்குறது எப்போ உக்காரப் போறீங்கன்னுதான். வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு அலுத்துப்போய் உக்காரும்போது புடிக்கிற படம் வேற, சனிக்கிழமை மத்தியானம் நிதானமா பாக்குற படம் வேற, ஞாயித்துக்கிழமை ராத்திரி மறுநாள் வேலைய நெனச்சுக்கிட்டே பாக்குற படம் வேற. நேரம் தெரியாம படத்தப் போட்டா அது எவ்ளோ பெரிய கிளாசிக்கா இருந்தாலும் பாதில கண்ணு சொக்கிரும், அப்புறம் அந்தப் படம் போர்னு மனசுல பதிஞ்சுபோயிரும், படம் என்ன பாவம் பண்ணுச்சு.

வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு என் ஓட்டு 'அந்த நாள்'. 1954ல வந்த கருப்பு வெள்ளைப் படம்னு கேட்டதுமே தள்ளிப் போடாதீங்க ப்ளீஸ். ஆரம்பிச்சதுமே துப்பாக்கி வெடிக்குது, ஹீரோ சிவாஜி செத்து விழறாரு, அதுக்கப்புறம் யாரு சுட்டதுங்கிற விசாரணைதான் மொத்தப் படமும். 1943ல ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்ட சமயத்துல நடக்குற கதை. மனைவி, தம்பின்னு ஒவ்வொருத்தர் மேலயும் சந்தேகம் போகப் போக செத்துப்போன ஆளப் பத்தி நமக்கு இருக்குற அபிப்பிராயமும் மாறிக்கிட்டே வரும். டைரக்டர் வீணை எஸ். பாலசந்தர், அவ்ளோ பெரிய சங்கீத வித்வான், ஆனா படத்துல ஒரு பாட்டு கூட கிடையாது. படத்துக்குப் படம் பாட்டா இருந்த காலத்துல இதச் செய்ய எவ்ளோ தைரியம் வேணும்! பண்டரிபாய் முகத்த மட்டும் கவனமா பாருங்க, முழுசா பாத்து முடிச்சதும் முதல்லேந்து ஒரு தடவை ஓட்டிப் பாக்கத் தோணும்.

பயந்தே ஆகணும்னா 'பீட்சா', 2012, கார்த்திக் சுப்புராஜோட முதல் படம். ஆரம்பத்துல வர்ற காதல் காட்சியெல்லாம் கொஞ்சம் இழுவைதான், ஆனா பொறுத்துக்கோங்க, விஜய் சேதுபதி டார்ச் வெளிச்சத்துல அந்த பங்களாக்குள்ள மாட்டிக்கிட்ட பிறகு நீங்க எந்திரிக்க மாட்டீங்க. டார்ச் படுற எடம் மட்டும்தான் நமக்கும் தெரியும், பாக்கி எல்லாமே சத்தம்தான். அதனால சனிக்கிழமை ராத்திரி, லைட்ட அணைச்சிட்டு, ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்க. கதைய யார்கிட்டயும் கேக்காதீங்க, விமர்சனமும் படிக்காதீங்க.

இப்ப நான் ரொம்ப நேரம் பேசக்கூடிய படத்துக்கு வரேன், '12 ஆங்கிரி மென்', 1957. சனிக்கிழமை மத்தியானத்துக்கு இதவிட பொருத்தமா எதுவும் எனக்குத் தோணல. 96 நிமிஷம்தான், கிட்டத்தட்ட முழுசா ஒரே ரூம்ல நடக்குது. ஒரு பையன் மேல கொலைக் கேஸ், பன்னெண்டு ஜூரிங்க, அதாவது தீர்ப்பு சொல்ல கோர்ட் கூப்பிட்ட சாதாரண ஜனங்க, உக்காந்து ஒருமனசா முடிவு பண்ணணும், குற்றவாளின்னு சொல்லிட்டா பையனுக்கு மரண தண்டனை. முதல் ஓட்டுல பதினோரு பேரு குற்றவாளின்னு கை தூக்குறாங்க, ஒரே ஒருத்தர், ஹென்றி ஃபாண்டா, இல்லங்கிறாரு. அவரும் பையன் நிரபராதின்னு அடிச்சுச் சொல்லல, ஒரு உயிர் விஷயம், கொஞ்சம் பேசிட்டு முடிவு பண்ணலாமேங்கிறாரு, அவ்ளோதான். அங்கேந்து பிடிக்குது பாருங்க. வெளிய கடுமையான வெயில், ரூம்ல ஃபேன் ஓடல, சட்டையெல்லாம் நனையுது, ஒருத்தருக்கு மேட்ச் பாக்கப் போகணும்னு அவசரம், இன்னொருத்தருக்கு சொந்த வீட்டுக் கோவம். டைரக்டர் சிட்னி லூமெட்டுக்கு இது முதல் சினிமா. அவர் கேமராவ என்ன பண்ணிருக்காருன்னு ரெண்டாவது தடவை பாக்கும்போது கவனிங்க, முதல்ல எல்லாருக்கும் மேலேந்து பாக்குற மாதிரி இருக்கும், அப்புறம் கண் மட்டத்துக்கு எறங்கும், கடைசிக் கட்டத்துல இன்னும் கீழ போயிரும், அப்போ ரூமோட சீலிங்கே தெரிய ஆரம்பிக்கும், கூடவே லென்ஸையும் மாத்திக்கிட்டே வந்திருக்காரு, அதனால சுவரெல்லாம் நம்மள நெருக்குற மாதிரி மூச்சு முட்டும். ஏன் இவ்ளோ டென்ஷனா இருக்குன்னு தெரியாமலே டென்ஷன் ஆயிருப்போம். சண்டை இல்ல, துரத்தல் இல்ல, பன்னெண்டு பேரு பேசுறாங்க அவ்ளோதான், ஆனா எந்த ஆக்‌ஷன் படத்துக்கும் கொறஞ்சது இல்ல, இத நான் அடிச்சுச் சொல்வேன்.

குழந்தைங்க கூட உக்காந்து பாக்க ஈரான் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', 1997, மஜித் மஜீதி எடுத்தது. தங்கச்சியோட ஷூவ அண்ணன் தொலைச்சிட்டான், வீட்ல சொல்ல முடியாது, அதனால இருக்குற ஒரே ஜோடிய ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுட்டு ஸ்கூலுக்கு ஓடுறாங்க. இவ்ளோதான் கதை. ஓடி வரும்போது அந்தப் பொண்ணோட ஒரு கால் ஷூ சாக்கடைத் தண்ணில விழுந்து மிதந்துட்டுப் போகும், அது பின்னாடியே ஓடுவா, அந்த ஒரு நிமிஷத்துல நமக்கு மனசு அடிச்சுக்கும். ஞாயித்துக்கிழமை காலைல பாருங்க, சப்டைட்டில் படிக்க முடியாத சின்னக் குழந்தைக்குக் கூட முக்காவாசி புரிஞ்சிரும்.

மகேந்திரனோட 'உதிரிப்பூக்கள்' (1979) கண்டிப்பா பாக்கணும், ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் வேண்டாம். விஜயன் பண்ற அந்தக் கொடுமைக்கார கேரக்டர் கத்தவே மாட்டான், அமைதியா பேசியே கூட இருக்குறவங்கள நொறுக்குவான், கடைசில ஆத்தங்கரைல அவன் பேசுற பேச்சு ரெண்டு நாள் மண்டைல ஓடும். சனிக்கிழமை பகல்ல பாத்தீங்கன்னா அதப் பத்திப் பேசித் தீத்துக்க டைம் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை ராத்திரிக்கு 'மைக்கேல் மதன காமராஜன்', வேற யோசிக்கவே வேண்டாம். 1990, சிங்கீதம் சீனிவாச ராவ் டைரக்‌ஷன், கிரேஸி மோகன் வசனம், நாலு கமல். நாலு பேருக்கும் நாலு விதமான தமிழ், காமேஸ்வரன் பேசுற பாலக்காட்டுத் தமிழுக்கே தனியா கைதட்டணும். கல்யாண வீட்டு சாம்பார்ல மீன் விழற சீன்ல ஒரு வசனத்துக்குச் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துரும், பாதி காதுல விழாது. தனியா பாக்காதீங்க, வீட்ல இருக்குற எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வைங்க, ஏற்கனவே பாத்தவங்க இருந்தா இன்னும் நல்லது, வசனத்த முன்னாடியே சொல்லுவாங்க, சொல்லட்டும் விடுங்க.