பழையபேட்டையில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: புதுப்பிக்கிறேன் என்று வந்து தூணைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், மலையடிவாரத் தெருக்களில் தாத்தா காலத்துச் சுண்ணாம்பு வீடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "பழைய வீட்டைப் பழசு மாறாமல் புதுப்பித்துத் தருகிறோம், மாடியில் ரெண்டு ரூம் போட்டால் காலேஜ் பசங்களுக்கு வாடகைக்கு விடலாம்" என்று ஒரு ஒப்பந்தக்காரர் இந்தப் பக்கம் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் தேக்குத் தூண்கள் போயின, உத்திரம் போனது, வாசல் நிலை போனது. சுவரும் கெட்டுவிட்டது. கொடுத்த ஆறரை லட்சத்தில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர் வேலை செய்கிற விதத்தை முழுசாகச் சொல்கிறேன், உங்கள் வாசலுக்கு வந்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இப்போது வயசானவர்கள்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில். இன்னொரு பக்கம் ஊருக்குப் படிக்க வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆண்கள் கலைக் கல்லூரி, மகளிர் கலைக் கல்லூரி ரெண்டும் அரசுக் கல்லூரிகள். பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி. 2022 ஜனவரியில் போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஹாஸ்டல் கிடைக்காத பிள்ளைகள் ரூம் தேடி எங்கள் தெருவரைக்கும் வருகிறார்கள். பெரிய வீடு, வருமானம் இல்லாத பெரியவர்கள், வாசலில் வாடகைக்குக் கேட்டு நிற்கிற பிள்ளைகள்: இது மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் இந்த ஆள் வருகிறார்.

வந்ததும் அம்மாவிடம் தெலுங்கில் பேச்சுக் கொடுத்தார். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம் என்று பக்கத்தில் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து, தண்ணி வாங்கிக் குடித்து, "இந்த மாதிரி தொட்டிக்கட்டு வீட்டை இனிமேல் யாரும்மா கட்டப் போறாங்க? இதை விட்டுடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களில் யாரும் அந்த வீட்டைப் பற்றி அவளிடம் அப்படிப் பேசி வெகுநாள் ஆகிறது.

அடுத்து பயமுறுத்தல். "கோட்டைக்குப் பக்கத்துல இருக்கீங்க. தொல்லியல் துறை அனுமதி இல்லாம கை வச்சா ரெண்டு வருஷம் ஜெயில். அதை நான் பார்த்துக்கறேன், முப்பத்தஞ்சாயிரம் ஆகும்." இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் எடுபடுகிறது. நம் தலைக்கு மேல் நிற்கிற சையத் பாஷா மலைக் கோட்டையை 1768-ல் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, பிடித்தது, 1791-ல் ஏறிப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது. அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் என்ற இந்த வட்டாரத்தோடு சேர்ந்து கும்பினி கைக்குப் போனது. இன்று அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அங்கே புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அங்கே கட்டவும் புதுப்பிக்கவும் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

அவர் சொல்லாமல் விட்ட மீதி இது. தடைசெய்யப்பட்ட பகுதிக்குள்ளேயே இருந்தாலும், 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே உள்ள வீட்டைப் பழுதுபார்க்க உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம், சட்டம் இதற்கென்றே வைத்திருக்கிற 'தகுதிவாய்ந்த அதிகாரி'க்குப் போகிறது, அவர் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையைப் பெற்று முடிவு சொல்கிறார். அந்தக் கடிதம் உங்கள் பெயருக்கு, உங்கள் சர்வே எண்ணுக்கு, எந்தச் சின்னத்தின் அருகில், எவ்வளவு உயரத்துக்கு என்ற விவரங்களோடு வரும். இவர் எங்களிடம் கொடுத்தது வட்ட முத்திரை குத்திய ஒரு ஜெராக்ஸ் தாள். அதில் அம்மா பெயரும் இல்லை, சர்வே எண்ணும் இல்லை. மாடிச் சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகு, அந்தத் தாளை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டியபோதுதான் அது எதற்கும் ஆகாத காகிதம் என்று தெரிந்தது. மாடி வேலை அப்படியே நிற்கிறது.

இப்போது மரத்துக்கு வருகிறேன். உண்மையான திருட்டு அங்கேதான் நடந்தது.

எஸ்டிமேட் மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில், பெயின்ட் செலவுக்கும் எலக்ட்ரிக்கல் செலவுக்கும் நடுவில் ஒரு வரி: "இடிபாடு அகற்றுதல், ஒப்பந்தக்காரர் பொறுப்பு, ரூ. 18,000." மண்ணும் செங்கல் துண்டும் அள்ளிப் போடுவதற்குத்தான் என்று யாரும் நினைப்பார்கள். வேலை ஆரம்பித்ததும் தொட்டியை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள உத்திரத்தில் ஒரு முனையைச் சுத்தியலால் தட்டி, உதிர்ந்த தூளைக் காட்டி, "எல்லாம் செல்லு அரிச்சிடுச்சும்மா, எப்ப வேணா தலைல விழும்" என்றார். தூசி ஒத்துக்காது என்று சொல்லி அம்மாவை ஓசூருக்கு என் வீட்டுக்கு அனுப்பவும் வைத்தார்.

ஒரு நாள் விடிகாலையில் எதிர்வீட்டு பாய் போன் செய்தார். "தம்பி, மினி லாரி வந்திருக்கு. தூணெல்லாம் கோணிப்பை சுத்தி ஏத்துறாங்க. நீங்க சொல்லித்தானா?" நான் ஓசூரிலிருந்து வந்து சேர்வதற்குள் வண்டி போய்விட்டது. தொட்டியைச் சுற்றி மேலே முட்டுக் கொடுத்திருந்தார்கள், கீழே தூண் நின்ற கருங்கல் பீடங்கள் மட்டும் இருந்தன. கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "அது வேஸ்ட் மரம் சார். அக்ரிமென்ட்ல இருக்கு பாருங்க." செல் அரித்த வேஸ்ட் மரத்துக்குக் கோணிப்பை எதற்கு? பர்மா தேக்குத் தூணும் கடைசல் வேலையுள்ள நிலையும் இன்று பங்களாக்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் போகின்றன. காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான்களுக்கென்றே வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. எங்கள் வீட்டு மரத்தை எடுத்துக்கொண்டு போக எங்களிடமே பதினெட்டாயிரம் கூலி வாங்கியிருக்கிறார்.

செல் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தேக்கில் வெளிப்பக்கத்து வெளிறு சுலபமாக அரிபடும், உள்ளே இருக்கிற வைரம் நிற்கும். சுவருக்குள் புதைந்த முனையில் ஈரம் பட்டுத் தூள் கொட்டினால் முழு உத்திரமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உங்களுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், கூரான உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்ட முனையை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுகிற ஆசாரிகள் இருக்கிறார்கள். மரத்தை வாங்கப்போகிறவனே அதைச் சோதித்துச் சொல்லக் கூடாது.

சுவர் கதை இன்னும் வயிற்றெரிச்சல், ஏனென்றால் மரமாவது எங்கேயோ முழுசாக இருக்கும். எஸ்டிமேட்டில் "சுண்ணாம்புப் பூச்சு, கடுக்காய் வெல்லம் சேர்த்து" என்று போட்டு அதற்கான உயர்ந்த ரேட்டையும் வாங்கினார். பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு அடித்தது சிமென்ட், மேலே வெள்ளை. நம் பழைய வீடுகளுக்குக் கருங்கல் அஸ்திவாரம், மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவர். தரையிலிருந்து ஓதம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் தானாகக் காயும். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. அது வெளியேற வழி தேடி மேலே மேலே ஏறும், கூடவே உப்பையும் கொண்டுபோகும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து பொருக்குத் தட்டும்போது பூச்சு உப்பி விழும், மண் சாந்து இளகும், சுவருக்குள் இருக்கிற மர முனைகள் ஊறும். ஒரு மழைக்காலம் போனதும் எங்கள் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. எண்பது, தொண்ணூறு வருஷம் காய்ந்து நின்ற சுவர் அது.

நிஜச் சுண்ணாம்பு வேலை அவசரத்தில் முடியாது. சுண்ணாம்பை நீற்றி ஊறவைக்க வேண்டும், கடுக்காயைத் தனியாக ஊறப்போட வேண்டும், பூசிய பிறகு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் அது இறுகும். பூசி மறுநாளே நகத்தால் கீறினால் கீறல் விழாத அளவுக்குக் கெட்டியாக இருந்தால், உள்ளே போனது சிமென்ட். ஒரு வாரத்தில் முழு வீட்டையும் சுண்ணாம்பு பூசித் தருகிறேன் என்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சிமென்ட் ஏற்கெனவே பூசியாகிவிட்டது என்றால், தரையிலிருந்து ஓதம் ஏறிய உயரத்துக்கும் கொஞ்சம் மேலேவரை அதைத் தட்டி எடுத்து, சுவரை நன்றாக ஆறவிட்டுப் பிறகு சுண்ணாம்பு பூச வேண்டும். நாங்கள் இப்போது அதைத்தான் செய்கிறோம், வேறு மேஸ்திரியை வைத்து.

கையெழுத்துப் போடுவதற்கு முன், கழற்றுகிற மரம், ஓடு, கல், இரும்புக் கம்பி எல்லாம் வீட்டுக்காரருக்கே சொந்தம், வீட்டைவிட்டு வெளியே போக எழுத்து மூலம் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் இதே ஆளிடம் இந்த வரியைக் கேட்டபோது, அந்த வாரமே போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வீட்டிலுள்ள ஒவ்வொரு தூணையும் கதவையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். எங்களிடம் தங்கை கல்யாண ஆல்பம் இருந்ததால்தான் தூண்கள் எப்படி இருந்தன என்று காட்ட முடிந்தது.

போலீசில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு போட்டாயிற்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்து ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, பத்து லட்சம் வரை 200 ரூபாய்தான். எப்படிப் போடுவது என்று தெரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து கேட்கலாம். இதே ஆளிடம் மாட்டிக்கொண்ட மற்ற குடும்பங்களும் தனித்தனியாக மனு போட்டால் எங்கள் புகாருக்கும் பலம் சேரும். அந்த வட்ட முத்திரைத் தாள் உங்களிடமும் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள்.

பழைய மரக் கடைகளுக்குப் போய்வருகிறவர்கள், புது வீட்டுக்குப் பழைய தூண் தேடுகிறவர்கள் கொஞ்சம் கண் வையுங்கள். தூண்கள் எட்டு, எல்லாவற்றிலும் தலைப்பகுதியில் கவிழ்ந்த வாழைப்பூ வேலை. வாசல் நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி, இடதுபக்க யானைக்குத் தும்பிக்கை நுனி உடைந்திருக்கும், அதன் கீழே 1931 என்று செதுக்கியிருக்கும். பார்த்தால் கடைக்காரரிடம் விலை பேசாமல் ஒரு படம் மட்டும் எடுத்து, எந்த ஊர், எந்தக் கடை என்று எனக்கு எழுதுங்கள்.