வெயில் எத்தனை மணி வரை? இங்கிலாந்தின் பாத் நகர் அருகே இரண்டு கால்வாய்க்கரை பப்கள்

செப்டம்பர் கடைசியில் அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அவர்களை ஒரு மத்தியானமாவது கால்வாய்க்கரை பப் ஒன்றின் தோட்டத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மனதில் இரண்டு இடங்கள் இருந்தன: பாத்தம்ப்டனில் ஜார்ஜ், ஏவன்கிளிஃபில் கிராஸ் கன்ஸ். இரண்டுமே கென்னட் - ஏவன் கால்வாயை ஒட்டியவை. 1810ல் அந்தக் கால்வாய் முழுதாகத் திறக்கப்படும் முன்பே நின்றிருந்த பழைய கட்டடங்கள். சாப்பாட்டிலும் ஏல் என்ற பியர் வகைகளிலும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை. கடைசியில் ஜார்ஜுக்குத்தான் போனோம்.

அழகை மட்டும் பார்த்தால் கிராஸ் கன்ஸ்தான். மேசைகள் படிப்படியாக ஏவன் ஆற்றை நோக்கி இறங்கும். பக்கத்திலேயே ஜான் ரென்னி வடிவமைத்த கல் பாலம், 1797 முதல் 1801 வரை கட்டியது. அதன் மேல் ஓடுவது சாலை இல்லை, கால்வாய். கீழே ஆற்றங்கரையில் நீங்கள் பியர் குடித்துக்கொண்டிருக்க, தலைக்கு மேல் உயரத்தில் படகு போகும்! பாலத்தின் நடு வளைவு கட்டிய கொஞ்ச நாளிலேயே தொய்ந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும். ரயில் நிலையம் எதிர்க்கரையில்தான். ஆனால் பஸ்ஸை நிறுத்துவதுபோல் ஓட்டுநருக்குக் கை காட்டினால்தான் ரயில் நிற்கும்.

அப்புறம் ஏன் போகவில்லை? வெயில்தான் காரணம்.

நம்மூரில் நிழல் தேடி உட்காருவோம். இங்கே நேர் தலைகீழ். மேசையிலிருந்து வெயில் நகர்ந்த பத்தாவது நிமிடம் எல்லோரும் கோட்டைத் தேடுவார்கள். செப்டம்பர் கடைசியில் இந்த ஊரில் உச்சி வேளையில்கூடச் சூரியன் சுமார் 38 டிகிரிக்கு மேல் ஏறாது. கிராஸ் கன்ஸ் தோட்டமோ ஆற்றின் தென்கரையில், வடக்குப் பார்த்துச் சரிகிறது. முதுகுப் பக்கம் மேடு, மரங்கள். பள்ளத்தாக்கும் ஒடுக்கம். சூரியன் சாயச் சாய நிழல் சீக்கிரமே இறங்கிவிடும். பப் என்ன செய்யும், பூகோளம் அப்படி. நான் அங்கே போனது இரண்டே முறை, இரண்டும் கோடையில். அதனால் இலையுதிர்காலத்தில் மணிக்கணக்காக எப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அக்காவின் மூட்டுவலியை வைத்துக்கொண்டு சோதனை செய்யத் துணியவில்லை.

ஜார்ஜில் இடம் விரிந்து கிடக்கிறது. நாங்கள் போன அன்று ஐந்து மணிக்கும் எங்கள் மேசையில் வெயில் இருந்தது. நீண்ட ஒடுக்கமான படகுகள் கைக்கெட்டும் தூரத்தில் நடை வேகத்தில் நகரும். கால்வாய் வெட்டியபோது அது வாசலையே ஒட்டி வந்துவிட்டதால், முன்கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள் என்பது ஊர்க்கதை. இன்னொரு கதையும் உண்டு. 1778ல் பக்கத்திலுள்ள கிளாவர்டன் டவுன் என்ற மேட்டில் சூதாட்டத் தகராறு முற்றி இருவர் துப்பாக்கிச் சண்டை போட்டார்கள். அதில் இறந்த து பாரி பிரபுவின் கல்லறை இந்த ஊர்த் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அவரை முதலில் இந்த விடுதிக்குத்தான் தூக்கி வந்தார்கள் என்கிறார்கள். அத்தான் அதைக் கேட்டுவிட்டு, “எந்த மேசையில் கிடத்தினார்களாம்?” என்றார்.

பாத் நகரிலிருந்து கால்வாயை ஒட்டியே சுமார் 2 மைல் நடை, பெரிய ஏற்றம் இறக்கம் இல்லை. ஒரு பைண்ட் பியர் குடித்த பிறகு ரயில் நேரம் பார்க்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம். அக்காலத்தில் குதிரைகள் படகிழுத்த அந்தப் பாதை இப்போது தேசிய சைக்கிள் பாதை 4. மணி அடித்துக்கொண்டு வருவார்கள். தண்ணீரும் பக்கத்திலேயே, சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒருவர் கையைப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

ஜூன் மாதம் என்றால் என் பதில் மாறக்கூடும். அப்போது சூரியன் மறையவே ஒன்பதரை ஆகும், பள்ளத்தாக்குக்கும் பங்கு கிடைக்கும். அடுத்த தடவை ஜூனிலேயே வருகிறோம் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். அவருக்கு அந்த ரயிலைக் கை காட்டி நிறுத்த வேண்டுமாம்.