ரீசேல் இல்லாத வண்டி: டொமினார் 400, இண்டர்செப்டர் 650 – ஒரு கணக்கு

வண்டி வீட்டுக்கு வந்த அன்று பெரியப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சீட்டைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "எல்லாம் சரிப்பா, நாளைக்கு வித்தா என்ன தேறும்?"

2023 ஜூலையில் நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் பஜாஜ் டொமினார் 400, 2021 மாடல். அதே வாரத்தில் ஒரு ராயல் என்ஃபீல்ட் இண்டர்செப்டர் 650-யும் விலைக்கு இருந்தது, அதுவும் 2021 மாடல். பெரியப்பாவின் கேள்விப்படி பார்த்தால் இண்டர்செப்டரைத்தான் எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. என் நண்பர் எடுத்தார். இரண்டரை வருடமாக இரண்டு வண்டிகளும் ஒன்றாகவே ஊர் சுற்றுகின்றன. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது.

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். சென்னை கொளத்தூரில் வீடு. வாரத்தில் இரண்டு நாள் தரமணிக்கு வேலைக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறையாவது மனைவியோடு நீண்ட பயணம்: பாண்டி, ஏலகிரி, ஏற்காடு, முடிந்தால் திருச்சி தாண்டியும். கையில் இரண்டரை லட்சம். கடன் வாங்குவதில்லை என்று முடிவு.

இந்தத் தேவைக்கு வேறு இரண்டு வண்டிகளையும் பார்த்தேன். ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310 அழகு, வேகமும் உண்டு. ஆனால் பின் சீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு மனைவி இறங்கிவிட்டார், அதோடு அது முடிந்தது. ஹோண்டா சிபிஆர் 250ஆர் மீது எனக்கு 2011-இல் வந்த நாளிலிருந்தே ஆசை. ஆனால் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததோடு 2020-இல் அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய வண்டிக்குப் பத்து வருடம் ஃபேரிங் பேனல் (எஞ்சினை மூடும் பிளாஸ்டிக் உறை) தேடி அலைய எனக்கு நேரமில்லை.

மிச்சம் இருந்தவை இரண்டு.

இண்டர்செப்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 270 டிகிரி என்பதால் வரும் அந்த இடைவெளி விட்ட சத்தம் கேட்கவே சுகம். நான் அதில் மொத்தமாக ஓட்டியது முந்நூறு கிலோமீட்டர் இருக்கும். அதற்குள் புரிந்தது: அதிர்வு மிகக் குறைவு, எந்த கியரிலும் இழுக்கிறது. எஞ்சினை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இண்டர்செப்டர்தான் ஜெயிக்கும். மேலும் இது நம்ம ஊர் வண்டி. 1955-இலிருந்து இந்த நகரத்தில் புல்லட் ஓடிக்கொண்டிருக்கிறது. திருவொற்றியூர், ஒரகடம் என்று ஆலைகள் இங்கேயே இருக்கின்றன. அந்தப் பிரியம் இயல்பானது.

டொமினாருக்கு அப்படி யாரும் பிரியம் வைக்கவில்லை. 2016 டிசம்பரில் 1,36,000 ரூபாய் ஆரம்ப விலையில் வந்தது. கேடிஎம் டியூக் 390-இன் எஞ்சினை எடுத்து, வேகத்தைக் குறைத்து, பயணத்துக்கு ஏற்றமாதிரி மாற்றியது: 373 சிசி, 35 குதிரைத்திறன். மறு வருடமே 'யானை வளர்ப்பதை நிறுத்துங்கள்' என்ற பொருளில் விளம்பரம் போட்டார்கள். யானை என்று அவர்கள் எதைச் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். புல்லட் ஊரில் அந்த விளம்பரம் எப்படி எடுபடும்? 2019-இல் வண்டியை நன்றாகவே திருத்தினார்கள். எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் இரட்டை கேம் ஷாஃப்ட், 40 குதிரைத்திறன், முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கத் தலைகீழ் ஃபோர்க். 2021-இல் காற்றைத் தடுக்கும் உயரமான முன்கண்ணாடி, கைக்குக் காப்பு, பின்னால் கேரியர் எல்லாம் கம்பெனியிலேயே வந்தன. ஆனால் அதற்குள் விலையும் ஏறிவிட்டது, மனசும் மாறவில்லை. ரோட்டில் பத்து என்ஃபீல்டுக்கு ஒரு டொமினார் பார்த்தால் அதிகம்.

ஆனால் யாரும் கேட்காத வண்டி என்பதற்கு வேறொரு அர்த்தமும் இருக்கிறது: செகண்ட் ஹேண்ட் சந்தையில் விலை விழும். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

என் வண்டியை விற்றவர் 2021-இல் ஆன்ரோடு 2,55,000 கொடுத்திருக்கிறார். இரண்டு வருடம், 14,200 கிலோமீட்டர். எனக்கு 1,42,000-க்குக் கொடுத்தார். அதாவது 1,13,000 ரூபாய் இறங்கியது அவர் கணக்கில். நண்பர் அந்த இண்டர்செப்டரை 2,45,000-க்கு எடுத்தார். எங்கள் இருவருக்கும் இடையே 1,03,000 ரூபாய் வித்தியாசம்.

போன மாதம் இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு பழைய வண்டி வாங்கும் கடைகள் மூன்றில் விலை கேட்டோம். விற்கும் எண்ணமில்லை, தெரிந்துகொள்ளத்தான். அவருடையதற்கு அதிகபட்சம் 2,10,000 சொன்னார்கள். என்னுடையதற்கு 1,05,000. கடைக்காரர் என்னைப் பார்த்து, "சார், என்ஃபீல்டா இருந்தா பேசலாம், இது நகராது" என்றார்.

இப்போது கழித்துப் பாருங்கள். நண்பருக்கு இறங்கியது 35,000. எனக்கு 37,000. சதவீதத்தில் சொன்னால் அவருக்கு 14, எனக்கு 26. கேட்கும்போது பெரிய நஷ்டம்போல இருக்கும். ஆனால் நாம் செலவழிப்பது சதவீதத்தை அல்ல, ரூபாயை. ரூபாயில் இரண்டரை வருடத்துக்கு இரண்டாயிரம்தான் வித்தியாசம். பெரிய அடி முழுவதையும் முதல் உரிமையாளர் வாங்கிக்கொண்டார். அதற்குமேல் விழ வண்டியிடம் அவ்வளவு விலை மிச்சமில்லை.

மிஞ்சிய லட்சத்துக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். இருவருக்கும் நல்ல ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட், பக்கவாட்டுப் பைகள், பின் டயர் ஒன்று, செயின் ஸ்ப்ராக்கெட் செட் ஒன்று. எல்லாம் சேர்ந்து அறுபதாயிரத்துக்குள். மீதிப் பணம் பெட்ரோலாகவும் ஆம்பூர் பிரியாணியாகவும் போனது. அந்தப் பணம் இண்டர்செப்டரில் பூட்டிக் கிடந்திருந்தால் முதல் வருடத்தில் பாதிப் பயணங்கள் நடந்திருக்காது.

இதில் வரியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரியை ஏற்றினார்கள். முன்பு எல்லா பைக்குக்கும் 8 சதவீதம். இப்போது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 12. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்குக் கீழே 18. என் டொமினார் 23 சிசியில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. உள்ளூரில் பதிவான பழைய வண்டியை வாங்கினால் இந்த இரண்டு வரியும் உங்கள் தலையில் ஏறாது, முதல் ஆள் எப்போதோ கட்டிவிட்டார். இன்சூரன்ஸில் மட்டும் தப்பிக்க முடியாது. 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி 350 சிசிக்கு மேல் மூன்றாம் நபர் காப்பீடு வருடத்துக்கு 2,804 ரூபாய், அதற்குக் கீழே 150 வரை 1,366. டொமினாருக்கும் இண்டர்செப்டருக்கும் ஒரே தொகைதான்.

பெரியப்பா சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை. ஷோரூமில் புதிதாக டொமினார் எடுத்து மூன்று வருடத்தில் மாற்றுகிறவராக இருந்தால் அவர் கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம். அப்படிப்பட்டவர் இண்டர்செப்டரை எடுப்பதே புத்திசாலித்தனம். என் கணக்கு, பழையதாக வாங்கி ஓட்டித் தீர்க்கிறவருக்கு.

சரி, பணத்தை விட்டுவிட்டு ரோட்டுக்கு வருவோம்.

காலை ஐந்து மணிக்கு மதுரவாயலைத் தாண்டி பெங்களூர் ஹைவேயில் ஏறினால், ஸ்ரீபெரும்புதூர் போவதற்குள் ஆறாவது கியரில் நூறில் நின்றுவிடும். முன்கண்ணாடி நெஞ்சுக் காற்றை எடுத்துவிடுகிறது. கை நேராக, முதுகு லேசாகச் சாய்ந்து, முட்டி மடங்காமல் உட்காரலாம். வேலூரில் டீக்கு இறங்கும்போது மணிக்கட்டு வலிப்பதில்லை. லாரியைத் தாண்ட கியர் குறைக்க வேண்டியதில்லை, கையைத் திருகினால் போதும். முழு எல்இடி ஹெட்லைட் இருப்பதால் விடிவதற்கு முன் கிளம்பத் தயங்குவதில்லை. 13 லிட்டர் டேங்கில் ஹைவேயில் முந்நூறைத் தாண்டித்தான் பங்க் தேடுவேன். சீட்டுக்கு அடியில் நான்கு நாடா வளையங்களை மடித்து வைத்திருக்கிறார்கள். வெளியே இழுத்துப் பையின் கயிற்றைக் கோர்த்தால் பை அசையாது. முதல் தடவை கட்டும்போது மனைவி அதைக் கண்டுபிடித்துச் சொன்னார், நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஒற்றை சிலிண்டரின் குணம் தெரியும். இரண்டாவது கியரில் வேகம் ரொம்பக் குறைந்தால் செயின் துள்ளும். முதல் கியருக்கு இறங்க வேண்டும். இண்டர்செப்டர் அதே வளைவில் இரண்டாவதிலேயே அமைதியாக ஏறிப் போகும், முன்னால் போகும் நண்பரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நகரத்துக்குள்ளும் அப்படித்தான். கத்திரி வெயிலில் பாடி மேம்பாலத்தை நெருங்கும் நெரிசலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கினால், வலது காலில் வென்னீர் ஆவிபோலக் காற்று அடிக்கும். மீட்டரின் பாதித் தகவலை டேங்க் மேல் இரண்டாவது திரையில் வைத்திருப்பதால், கியர் என்ன என்று பார்க்கத் தலையைக் குனிய வேண்டும். இவற்றோடுதான் வாழ்கிறேன்.

டயர் விஷயத்தில் மட்டும் டொமினார் தெளிவாக முன்னால் நிற்கிறது. போன வருடம் மதுராந்தகம் ஏரியைத் தாண்டியதும் என் பின் சக்கரத்தில் ஆணி. அலாய் சக்கரம், ட்யூப்லெஸ். ஓரமாக நிறுத்தி, குறடால் ஆணியைப் பிடுங்கி, துளையை அரத்தால் உரசி, ரப்பர் திரியைத் திணித்து, பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப்பால் காற்று ஏற்றினேன். இருபது நிமிடம். அதே திரியோடு திருச்சி போய்த் திரும்பினோம். நண்பரின் வண்டி கம்பிச் சக்கரம், உள்ளே ட்யூப். அவருக்குப் பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். திண்டிவனம் அருகே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதற்கு ஆள் பிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. 2023-க்குப் பிந்தைய இண்டர்செப்டரில் அலாய் சக்கரம் உள்ள வகைகளும் வருகின்றன. அது கிடைத்தால் இந்தக் குறை இல்லை.

பராமரிப்பில் இதுவரை எனக்குத் தொல்லையில்லை. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன், மூவாயிரத்துக்குள் முடிகிறது. ஸ்பார்க் பிளக் மட்டும் மூன்று, அதை மெக்கானிக்குக்கு ஞாபகப்படுத்துங்கள். பிரேக் பேட், கிளட்ச் கேபிள், ஏர் ஃபில்டர் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்ட அன்றே கிடைத்தன. சென்டர் ஸ்டாண்ட் கிடையாது என்பதால் செயினுக்கு எண்ணெய் விட பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஒரு பேடாக் ஸ்டாண்ட் வாங்க வேண்டியிருந்தது. என் மீட்டரில் இப்போது 37,000 ஓடியிருக்கிறது, எஞ்சினை இதுவரை திறந்ததில்லை. லட்சம் கிலோமீட்டர் கதையை ஓட்டியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பழைய டொமினார் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். நான் முதலில் பார்த்தது திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி நின்ற வண்டி. மேலே பளபளவென்று இருந்தது. கீழே குனிந்தால் சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங், செயின், ரேடியேட்டர் போல்ட் எல்லாம் உப்புக் காற்றில் பழுப்பேறியிருந்தன. விட்டுவிட்டு அம்பத்தூரில் இந்த வண்டியைப் பிடித்தேன். போனதும் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நின்ற வண்டிகள் நிறைய மூழ்கின. அதனால் சீட்டைக் கழற்றி வயர் கனெக்டர்களின் இடுக்கில் வண்டல் காய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஹேண்டிலை மெதுவாக இடம் வலம் திருப்பும்போது நடுவில் சிக்கினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கிறது, அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் அந்தக் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழையவர் சேர்த்த நோ க்ளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதையும் கணக்கில் வைத்தே விலை பேசுங்கள்.