இருபது இஞ்ச் சைக்கிளும் உளுந்துக்கொடியும்

போன வாரம் சித்தி பெண் போன் பண்ணிக் கேட்டாள்: "அக்கா, அத்தானுக்குக் கட்டிக் குடுத்த மாதிரி எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு குட்டிச் சக்கர சைக்கிள் கட்டித் தர்றியா? பாக்குறவங்க எல்லாம் நல்லாருக்குங்கிறாங்க."

அவள் கேட்ட நேரம் சரியில்லை. அந்தச் சைக்கிளைத்தான் வாசலில் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, பின்சக்கர அச்சில் இறுகிக் கிடந்த உளுந்துக்கொடியை பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தேன். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உளுந்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. என் வீட்டுக்காரர் பாசனத்தில் லஸ்கர், ஆற்று மதகும் கரையும் பார்க்கிற ஆள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிகின்றன இல்லையா, அதில் கோரையாற்றுக் கரை இவருடையது. மதகு மதகாகப் போய் ஷட்டரை ஏற்றி இறக்க வேண்டும், கரை எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறந்தாகிவிட்டது என்றால் தண்ணீர் கடைமடை போய்ச் சேரும்வரை மனுஷர் வீடு தங்கமாட்டார். தண்ணீரை முறை வைத்து விடுகிற காலத்தில் ராத்திரியும் கரைதான்.

இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, காலை வீசித் தூக்கி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். இவரிடம் இருந்ததோ 28 இஞ்ச் பார் சைக்கிள். பின்கேரியரில் மம்பட்டியும் ஷட்டர் திருகும் இரும்புக் கைப்பிடியும் கட்டியிருக்கும்; அதற்கு மேலே காலைச் சுழற்ற வேண்டும். டிவிஎஸ் எக்ஸெல் வாங்குங்கள் என்றால், ஐப்பசி மழையில் கரைக் களிமண்ணில் அது எப்படிச் சறுக்கும் என்று ஒரு மணி நேரம் விளக்குவார். லேடீஸ் சைக்கிள் என்று வாயைத் திறந்தேன். "அதுல போய் ஷட்டர் தொறந்தா எவன் மதிப்பான்?" என்று முடித்துவிட்டார். மரியாதை பாருக்குள் இருக்கிறது போல.

எங்க அப்பா மன்னார்குடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். கால் சைக்கிள், அரை, முக்கால் என்று வரிசையாக நிற்கும். சக்கரத்தின் கோட்டம் எடுக்கவும், பால்ரஸ் கழுவி கிரீஸ் வைக்கவும் நான் அங்கேதான் கற்றேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் வந்ததும் வாடகைக்கு ஆள் குறைந்தது என்பது அப்பாவின் கட்சி; வீட்டுக்கு ஒரு பைக் வந்ததுதான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. கடை எப்படியோ மூடியது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் கடையின் தகரக் கூரையும் போக, சாமான் மூட்டைகள் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்தன. அந்த மூட்டைகள் இல்லாவிட்டால் இந்த வேலையில் இறங்கியிருக்கவே மாட்டேன்.

ஃப்ரேம் மட்டும் பழைய இரும்புக்கடையில் எடுத்தது. பெண் குழந்தைகள் ஓட்டும் 20 இஞ்ச், நடுக்குழாய் நன்றாகத் தாழ்ந்தது. பெரிய லேடீஸ் ஃப்ரேமிலேயே சின்னச் சக்கரத்தை மாட்டிவிடலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். 26 இஞ்ச் ஃப்ரேமில் 20ஐ மாட்டினால் பெடல் மாட்டுகிற கிராங்க் மூன்று இஞ்ச் இறங்கிவிடும். வளைவில் பெடல் தரையைத் தட்டும், பிரேக் கட்டை ரிம்மை எட்டவே எட்டாது. சின்னச் சக்கரத்துக்குச் சின்ன ஃப்ரேம்தான். ஆளுக்கு ஏற்ற உயரத்தை சீட்டுக் குழாயிலும் ஹேண்டில்பாரிலும் கொண்டுவர வேண்டும். சீட்டுக் குழாயை கெட்டியான பைப்பில் நீளமாக வெட்டி, அதில் நல்ல பாதி ஃப்ரேமுக்குள் இருக்கும்படி வைத்தேன். கழுத்துப் பக்கம் குழாய்கள் சேரும் இடத்தில் பட்டறைக்காரர் ஒரு முக்கோணத் தகடு வைத்துப் பற்றினார். குழந்தையைத் தாங்கச் செய்த ஃப்ரேமில் எழுபது கிலோவும் ஒரு மம்பட்டியும் ஏறப்போகிறதே.

சக்கரத்தில்தான் எனக்குப் பொழுது போனது, சந்தோஷமும் அதில்தான். நம்மூர் பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. மூட்டையில் இருந்த நல்ல ஹப்பெல்லாம், அதாவது கம்பி கோக்கிற நடு உருளையெல்லாம், அந்த ஜாதி. கையில் இருந்த 20 இஞ்ச் ரிம்களோ 36 ஓட்டை. 40ஐ 36ல் கோக்க முடியாது. எத்தனையோ பேர் முயன்று பார்த்திருக்கிறார்கள். கடைசி மூட்டையின் அடியில் 36 ஓட்டை ஹப் ஒரு ஜோடி கிடைத்தது. கம்பிகளை வெட்டி, அப்பாவின் கைமெஷினில் மரை போட்டு, ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்றைக் குறுக்கே கடக்கும்படி பின்னினேன். சின்னச் சக்கரத்தில் கம்பி குட்டை, ரிம் கனம், கோட்டம் லேசில் விழாது. கட்டிய நாளிலிருந்து இந்தச் சக்கரங்கள் கோட்டம் எடுக்க ஸ்பேனரைப் பார்த்ததில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

டயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 20 இஞ்ச் என்றே ரெண்டு ஜாதி உண்டு. பக்கவாட்டில் பொடி எழுத்தில் 406 என்று இருக்கும், இல்லாவிட்டால் 451. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 406 ஆக இருந்தால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், அதையே பாருங்கள்.

மிதிக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது அடுத்த கவலை. சக்கரம் சின்னது, காலைப் போட்டு அடிக்க வேண்டியிருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். குழந்தை சைக்கிளின் 36 பல், 18 பல் ஜோடியை அப்படியே விட்டால் உண்மைதான். ஒரு சுற்றுக்கு மூன்று மீட்டர் சொச்சம். முன்னால் அம்பத்தூர் ஹெர்குலிஸின் 48 பல்லையும் பின்னால் 16 பல் ஃப்ரீவீலையும் போட்டதில் 4.7 மீட்டர் வருகிறது. இவருடைய பழைய 28 இஞ்ச் 5.5 மீட்டர் போகும். கொஞ்சம் குறைவுதான், ஆனால் எங்கள் பக்கம் மேடு என்றால் வாய்க்கால் பாலம் ஒன்றுதான். ஆடிக் காற்றில் மேற்கே மிதிக்கிறபோது இந்தக் குறைவே சௌகரியம் என்கிறார். 48 பல் ஃப்ரேமில் உரசாமல் இருக்க நடு அச்சு நீளமானதாகப் போட வேண்டியிருந்தது. கிராங்கை அச்சில் ஆப்பு ஆணி அடித்து இறுக்குகிற காட்டர் பின் வகை என்பதால் அதுவும் மூட்டையிலேயே கிடைத்தது.

பள்ளம் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. பெரிய சக்கரம் தாண்டிப் போகிற குழியில் சின்னது இறங்கித்தான் ஏறும். இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் 1962ல் 16 இஞ்ச் சக்கர சைக்கிளைக் கொண்டுவந்தபோது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்தே கொண்டுவந்தார். மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் செய்த மனிதர் அவர். என்னிடம் இருந்தது பழைய சைக்கிளின் ஸ்பிரிங் வைத்த லெதர் சீட்டு. இடுப்பு நோகவில்லை என்கிறார். கை நோகிறது என்று சொல்லாமல் உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்கிறார், அதையும் பார்க்கிறேன்.

சரி, உளுந்துக்கு வருகிறேன்.

சம்பா அறுப்புக்கு முன்னாலேயே ஈரத்தில் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவோம். பங்குனி, சித்திரையில் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்புவார்கள். வண்டி ஏறி ஏறிக் காய் உடைந்து பருப்பு உதிரும்; அடிக்கிற கூலி மிச்சம். கார்காரர்கள் திட்டிக்கொண்டே ஏற்றிப் போவார்கள். 28 இஞ்ச் சைக்கிளில் அச்சு தரையிலிருந்து 36 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இதில் 25 செ.மீ. அந்த வித்தியாசத்தில்தான் என் மத்தியானம் எல்லாம் போகிறது. கொடியின் நுனி ஒன்று ஃப்ரீவீலுக்கும் கம்பிக்கும் நடுவில் நுழைந்தால் போதும், நாலு சுற்றில் முழுச்செடியும் உள்ளே வந்துவிடும். தேங்காய் நார்க் கயிறு திரித்தது மாதிரி அச்சைச் சுற்றி இறுகிவிடும். தூசியும் சருகும் ஃப்ரீவீலுக்குள் ஏறினால் பல் பிடிக்காமல் பெடல் வெறுமனே சுற்றும். அது எப்போதும் வீட்டிலிருந்து தூரமான மதகுப் பக்கம்தான் நடக்கும்.

பெயிண்டு வாளியின் மூடியை வட்டமாக வெட்டி, ஃப்ரீவீலுக்கும் கம்பிக்கும் நடுவில் தட்டு மாதிரி வைத்தேன். வலப்பக்கம் அடங்கியது. இப்போது இடப்பக்கம் சுற்றுகிறது. முழுச் செயின் கவர் போடலாம் என்றால் பெரிய சைக்கிளின் கவர் இந்தக் குட்டை ஃப்ரேமுக்கு நீளம். வெட்டி ஒட்டினால் லொடலொடவென்று அடிக்கிறது. தை மாசம் வைக்கோல், அதற்கப்புறம் பயறு, உளுந்து, மழைக்காலத்தில் மட்கார்டுக்குள் அப்பும் களி. வருஷத்தில் இந்தச் சைக்கிள் சும்மா ஓடுகிற மாசம் எது என்று விரல் விட்டுப் பார்த்தேன். விரல் மிஞ்சியது.

நியாயமாகச் சொன்னால் ரோட்டில் காய்கிற உளுந்தில் எங்கள் வீட்டு உளுந்தும் உண்டு. அதைப் பரப்புகிறவர் என் நாத்தனார். "இவ்வளவு பெரிய ரோட்டுல ஓரமா போகக்கூடாதா உன் சைக்கிள்?" என்று அவர் கேட்கிறார்.

இனி நான் எதிர்பார்க்காதது. பழைய சைக்கிளில் ஏறிவிட்டால் இவர் இறங்கமாட்டார். மறுபடி ஏற வேண்டுமே என்கிற வலி. யார் கூப்பிட்டாலும் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். 'லஸ்கருக்குத் தலைக்கனம்' என்று பேர். இதில் சீட்டை விட்டு முன்னால் நகர்ந்தால் ரெண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும். பிரேக்கைப் பிடித்தார், நின்றார், பேசினார், போனார். இப்போது மதகுக்கு மதகு நிற்கிறார். நாற்றங்காலில் நிற்கிறவளிடம் எந்த ரகம் என்று கேட்கிறார், டீக்கடைப் பெஞ்சில் உட்காராமல் சைக்கிளில் இருந்தபடியே டீ குடிக்கிறார். கடைமடைக்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்றால் ஆபீசுக்குப் போகாமல் இவரைப் பாதையிலேயே மடக்கிச் சண்டை போடுகிறார்கள், இவரும் நின்று கேட்கிறார். பிள்ளைகள் 'அரை சைக்கிள் லஸ்கர்' என்று கூவுகிறார்கள். லேடீஸ் சைக்கிளுக்குக் குறைந்த மரியாதை இதற்குக் குறையவில்லையாம். சாப்பாடு ஆறிப்போவது என் பாடு.

பாரம் ஏற்றுவதும் நன்றாகவே இருக்கிறது. கேரியர் தாழ இருப்பதால் அரைமூட்டை நெல் வைத்தாலும் வண்டி ஆடாது. மரப்பாலத்தில் ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகிறார். வீட்டு நடையில் சுவரோரம் நிறுத்தினால் ஆள் தாராளமாகப் போகலாம். பிரேக் மழையில் மோசம். குரோம் ரிம் ஈரமானால் கட்டை வழுக்கும், அது பெரிய சைக்கிளிலும் அப்படித்தான். முன்னால் மட்டும் அலுமினிய ரிம் தேடிக்கொண்டிருக்கிறேன். சீட்டுக் குழாய் வெயிலில் கிறீச்சிடும், கிரீஸ் தடவினால் ஒரு வாரம் சும்மா இருக்கும்.

ஆக, தங்கச்சி, சாமான் என்று பார்த்தால் நல்ல சாமான். ஐந்துக்கு ரெண்டு மார்க் போடுவேன். கட்டித் தரமாட்டேன். உன் வீட்டுக்காரருக்கு இடுப்பும் நன்றாக இருக்கிறது, பைக்கும் இருக்கிறது, ஆசை மட்டும்தான் கூடுதல். அப்பாவின் மூட்டையில் இனி 36 ஓட்டை ஹப்பும் கிடையாது. கூட்டிப் பார்த்தால் செலவும் புதுசில் பாதியைத் தாண்டிவிட்டது, என் கூலியைச் சேர்க்காமல். திருப்பூரிலிருந்து பையன் பேட்டரி சைக்கிள் வாங்கி அனுப்புகிறேன் என்றபோது, "வரட்டும், பாக்கலாம்" என்று இவரும் சொல்லிவிட்டு, மறுநாள் கடைக்குப் போய் இதற்குப் பின்டயர் வாங்கி வந்தார். அவரிடம் போய் மார்க் கேட்காதே.

இரும்புக்கடைப் பக்கம் போனால் மட்டும் ஒன்று செய். ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் இருக்கிற ஃப்ரேம் வேண்டாம், காட்டர் பின் வகையாகப் பார். காசு கொடுக்கிறதுக்கு முன்னால் கழுத்துப் பக்கம் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார். கிடைத்தால் எடுத்து வை. வைகாசி பிறக்காமல் என் வாசலுக்குக் கொண்டுவராதே.